எழில் நகருக்கு ஒரு நாய்ப் பூங்கா

பூபாலன் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். அவர் முடிவுக்கு வருவது அபூர்வம். வழக்கமாக முடிவுகள்தான் அவரைத் தேடி வரும். அதுவும் அவர் மனைவி அன்பரசியின் வாய் வழியாக வரும். இந்த முறை அவரே வந்திருந்ததால், எழுந்து நின்று அறிவித்தார்.

"அன்பு, நம்ம எழில் நகர்ல நாய்ங்களுக்குன்னு தனியா ஒரு பார்க் கொண்டாரப் போறேன்."

அன்பரசி டிபன் பாக்ஸை மூடிக்கொண்டிருந்தாள். மறைமலைநகரில் கார்களுக்கு ஒயர் கட்டும் கம்பெனியில் அவளுக்குக் காலை ஷிப்ட். கம்பெனி பஸ் தெருமுனைக்கு வரும் நேரம்.

"மன்சங்க பார்க்குலயே ஊஞ்சல் அறுந்து தொங்கினு கீது. நாய்க்கு இன்னா, சறுக்குமரம் கட்டப் போறீங்களா?"

"கிண்டல் பண்ணாத. சிங்காரத்துக்கு வேற வழி இல்ல."

சிங்காரம் கட்டிலுக்கு அடியில் படுத்திருந்தது. அதன் அப்பா லாப்ரடார். அம்மா ஜி.எஸ்.டி. ரோட்டு ஓட்டல் வாசலைச் சேர்ந்தவள். அப்பாவிடமிருந்து உடம்பையும் அம்மாவிடமிருந்து பசியையும் வாங்கிக்கொண்டு பிறந்திருந்தது. பூபாலன் சூப்பர்வைசராக இருந்த கம்பெனியை மூடியபோது, வாட்ச்மேன் கூண்டுக்குப் பின்னால் கத்திக்கொண்டிருந்த குட்டியை அவர் தூக்கி வந்தார். பாதி ஆயுளைக் கொடுத்த இடத்திலிருந்து அவர் கொண்டுவந்தது ஒரு சுவர்க் கடிகாரமும் இந்தக் குட்டியும்தான். கடிகாரம் நின்றுவிட்டது. நாய் ஓடிக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு அவருக்கு வேலை வராமல் இல்லை. செக்யூரிட்டி வேலை வந்தது. நாலு பேரை நிற்க வைத்துக் கேள்வி கேட்டவன் இனிமேல் கேட்டில் நின்று சல்யூட் அடிப்பதா என்றார். குடோன் வேலை வந்தது. மூட்டை எண்ணவா பிறந்தேன் என்றார். அன்பரசி முதலில் கெஞ்சினாள், அப்புறம் கத்தினாள், அப்புறம் அந்தப் பேச்சையே விட்டுவிட்டாள். விட்டதை அவர் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார். கல்யாணமாகி இத்தனை வருஷம் கழித்தும் ஒரு புருஷன் அப்படி எடுத்துக்கொள்வான் என்றால், அவனை யார் காப்பாற்ற முடியும்?

உள்ளதைச் சொல்லிவிடலாம். தினமும் காலையில் அவரைப் படுக்கையிலிருந்து எழுப்பியது அந்த நாய்தான். சங்கிலியைக் கையில் பிடித்துத் தெருவில் நடக்கும்போது அவர் எங்கோ வேலையாகப் போகிறவர் மாதிரி இருக்கும். பார்க்கிறவர்களுக்கும் அப்படித்தான் தெரியும் என்று நம்பினார்.

அந்த நடைக்குத்தான் இப்போது ஆபத்து வந்திருந்தது. எழில் நகரில் தெருநாய்கள் பெருகிவிட்டன. கோழிக்கடைக் கழிவைத் தின்று கொழுத்து, கும்பலாகத் திரிந்தன. போன வாரம் ஹெலன் டீச்சர் தன்னுடைய பொமரேனியன் பிங்கியை நடக்கக் கூட்டிப் போனபோது, கோழிக்கடை முக்கில் கும்பல் சுற்றி வளைத்துவிட்டது. முன்னால் நின்றது ஒரு காதறுந்த கறுப்பன். டீச்சர் குடையால் அடித்தார். கத்தினார். யாரும் கிட்டே வரவில்லை. எல்லாம் முடிந்தபோது சங்கிலி மட்டும்தான் அவர் கையில் இருந்தது.

அதிலிருந்து வளர்ப்பு நாய்கள் எதுவும் வாசல் தாண்டவில்லை. சிங்காரமும் தாண்டவில்லை. வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்து சோபாவைத் தின்றது. துடைப்பத்தைத் தின்றது. கடைசியில் கேஸ் சிலிண்டர் போட வந்தவரின் பேண்ட்டில் வாயை வைத்தது. அன்று மாலைதான் அன்பரசி தீர்ப்பு சொல்லியிருந்தாள்.

"படாளத்துல எங்கண்ணன் கரும்புத் தோட்டத்துக்குக் காவல் நாய் வேணும்னு கேட்டுகினு கீறாரு. இத்த அங்க அனுப்பிடலாம்."

அவளுடைய அண்ணன் சின்னையன் தோட்டத்துக்குப் போன நாய் எதுவும் நல்லபடியாக வாழவில்லை. ஒன்றைக் காட்டுப்பன்றி கிழித்தது. இன்னொன்று, பன்றிக்கென்று பக்கத்து வயல்காரர் இழுத்துவிட்ட கரண்ட் கம்பியில் கருகியது. அதைப் புதைக்கும்போது பூபாலனும் கூட இருந்தார். அந்த வாடை இன்னும் அவர் மூக்கைவிட்டுப் போகவில்லை.

"சாவடிக்கவா அனுப்பச் சொல்ற?"

"இங்க வெச்சி மட்டும் இன்னா பண்றது? வெளிய இட்டுகினு போனா கறுப்பன் கடிச்சிடும். உள்ள வெச்சிகினா அது ஊரக் கடிச்சிடும். அது ஓடறதுக்கு ஒரு எடம் காட்டுங்க, இங்கயே இருக்கட்டும்."

அதனால்தான் இந்தக் காலை அறிவிப்பு. எழில் நகரின் கடைசித் தெருவில் பூங்காவுக்கென்று ஒதுக்கிய நிலம் ஒன்று சும்மா கிடந்தது. சீமைக்கருவேலமும் உடைந்த டாய்லெட் பீங்கானும் தவிர அங்கே ஒன்றுமில்லை. அதை வேலி போட்டு நாய்களுக்குக் கொடுக்கச் சொல்ல வேண்டியதுதான்.

"அடுத்து வர்ற பகுதி சபா கூட்டத்துல கவுன்சிலர் முன்னாடி கேட்டுடறேன். அது வரைக்கும் டைம் குடு."

"குடுத்தேன். கெடைக்கலன்னா?"

"கெடைக்கும்."

"கெடைக்கலன்னா படாளம்," என்று சொல்லிவிட்டு அவள் பஸ்ஸுக்கு ஓடினாள். பூபாலன் கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தார். சிங்காரம் அவருடைய செருப்பைத் தின்றுகொண்டிருந்தது.

அன்றைக்கே வீடு வீடாகப் போய் நாய் வளர்ப்போரைத் திரட்டினார். ஒவ்வொரு வாசலிலும் நாய் குரைத்ததால் வீட்டைக் கண்டுபிடிப்பதில் சிரமம் இல்லை. வீட்டுக்காரரோடு பேசுவதில்தான் சிரமம். ஒரு வழியாக எல்லோரையும் ஹெலன் டீச்சர் வீட்டு மொட்டைமாடியில் கூட்டினார். நாய்களையும் கூட்டி வரச் சொன்னது அவருடைய முதல் தவறு. கூட்டத்தின் முதல் பாதி நாய்களைப் பிரித்துவிடுவதில் போயிற்று. மறு பாதி நாய்களின் சொந்தக்காரர்களைப் பிரித்துவிடுவதில் போயிற்று.

"பெரிய நாய்க்கு ஒரு பக்கம், சின்ன நாய்க்கு ஒரு பக்கம் தடுப்பு போடணும்," என்றார் ஒருவர்.

"ஜாதி நாய்க்குத் தனியா இடம் வேணும்," என்றார் தமிழ்வாணன். அவர் ஒரு ஜெர்மன் ஷெப்பர்டின் சொந்தக்காரர். நாயின் பெயர் கர்னல். மிலிட்டரியில் இருந்தது தமிழ்வாணனும் இல்லை, நாயும் இல்லை.

"நாயிலயும் ஆரம்பிச்சிட்டீங்களா?" என்று டீச்சர் கேட்டார். அவர் குரலில் இருந்த கசப்பில் மாடி கொஞ்ச நேரம் அமைதியாகிவிட்டது.

அந்த அமைதியில் சங்கம் பிறந்தது. எழில் நகர் நாய் வளர்ப்போர் சங்கம். தலைவராக யாரும் முன்வரவில்லை. எல்லோருக்கும் ஷிப்ட் இருந்தது. ஆகவே பூபாலனை ஒருமனதாகத் தேர்ந்தெடுத்தார்கள். வீட்டுக்கு வரும்போது அவர் நடையே மாறியிருந்தது. கம்பெனி மூடிய பிறகு யாரும் அவரை ஒன்றுக்கும் தேர்ந்தெடுத்ததில்லை.

"தலைவராயிட்டேன்," என்றார்.

"சம்பளம் உண்டா?" என்றாள் அன்பரசி.

சங்கத்தின் முதல் வேலை, ஊரின் கவனத்தைத் திருப்புவது. ஊர் எதைப் படிக்கிறதோ இல்லையோ, கண்ணீர் அஞ்சலி பேனரை மட்டும் வண்டியை நிறுத்திப் படிக்கும். செத்தது யார், எந்த வீடு, என்ன வயசு என்று பார்த்துவிட்டுத்தான் கிளம்பும். ஆகவே பிங்கிக்கு ஒரு கண்ணீர் அஞ்சலி பேனர் வைப்பது, அதன் கீழே பூங்கா கோரிக்கையைப் போடுவது என்று பூபாலன் யோசனை சொன்னார். எல்லோரும் கை தட்டினார்கள். டீச்சர் அழுதார்.

பிங்கி நடுவில் பெரிதாக, துக்கம் தெரிவிக்கும் மற்ற நாய்கள் கீழே சின்னதாக. அப்படித்தான் முதலில் பேச்சு. ஆனால் கர்னலைச் சின்னதாகப் போட்டால் சங்கத்திலிருந்து விலகிவிடுவதாகத் தமிழ்வாணன் சொன்னார். கர்னலைப் பெரிதாகப் போட்டால் தானும் விலகுவதாக இன்னொருவர் சொன்னார். தலைவர் என்றால் சமாளிக்க வேண்டும் அல்லவா? எல்லா நாயும் ஒரே அளவு என்று பூபாலன் முடிவு செய்தார். அதைத் தன் வாழ்நாளின் சிறந்த நிர்வாக முடிவு என்றே நினைத்தார்.

பேனர் கடை ஆல்வின் கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தான்.

"அண்ணாத்த, இத்தினி மூஞ்சி ஒரே சைஸ்ல வர்ற டிசைன் என்கிட்ட ஒண்ணுதான் கீது. கோயிலுக்குப் போன வேன் கவுந்துச்சே, அதுக்குப் பண்ணது."

"அதுவே போதும்பா."

"எல்லா மூஞ்சிக்கும் மால இருக்கும். அத்த எடுக்க வராது. பரவால்லியா?"

"மரியாதைதானே? இருக்கட்டும்."

மறுநாள் காலை பஸ் நிறுத்தத்தில் பேனர் எழுந்தது. எழில் நகரின் அத்தனை வளர்ப்பு நாய்களும் ரோஜா மாலை போட்டுக்கொண்டு, மேகத்துக்கு நடுவிலிருந்து ஊரைப் பார்த்தன. மேலே கொட்டை எழுத்தில் 'கண்ணீர் அஞ்சலி'. கீழே பொடி எழுத்தில் கோரிக்கை. பொடி எழுத்தை யார் படிக்கிறார்கள்? கம்பெனி பஸ்கள் ஒவ்வொன்றாக நின்று ஆள் ஏற்றிக்கொண்டு போயின. ஜன்னல் ஓரத்தில் இருந்தவர்கள் எல்லாம் பார்த்தார்கள். எழில் நகரில் வீட்டு நாய் அத்தனையும் ஒரே நேரத்தில் செத்துவிட்டன என்பது மத்தியானத்துக்குள் ஊர் முழுக்கப் பரவிவிட்டது.

ஏன் செத்தன? வெறிநாய்க்கடி என்றார்கள். இல்லை, யாரோ விஷம் வைத்துவிட்டார்கள் என்றார்கள். தாய்மார்கள் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து பாதியிலேயே அழைத்து வந்தார்கள். என்றைக்கோ நாயிடம் நக்கு வாங்கியவர்கள்கூட ஊசி போட்டுக்கொள்ள வரிசையில் நின்றார்கள். துக்கம் விசாரிக்க மாலையோடு தமிழ்வாணன் வீட்டுக்குப் போன ஒருவரை, போட்டோவில் பார்த்த அதே முகம் கேட்டுக்கு மேலாக எட்டிப் பார்த்துக் குரைத்தது. அவர் மாலையோடு சாக்கடையில் விழுந்தார்.

சாயங்காலம் பூபாலன் வேர்த்துப்போய் உட்கார்ந்திருந்தார். சிங்காரத்தின் ஆத்மா சாந்தியடைய வேண்டி நாலு பேர் வந்து போயிருந்தார்கள். சிங்காரம் அவர்கள் கொண்டுவந்த பிஸ்கட்டைத் தின்றுகொண்டிருந்தது.

"அன்பு, பேனர எடுத்துடட்டுமா? ஊரே பேஜாராயிடுச்சு. சபாவுல வந்து ஒதைப்பாங்க."

அன்பரசி கத்துவாள் என்றுதான் அவர் எதிர்பார்த்தார். அவள் முகம் கழுவிவிட்டு வந்து, அமைதியாக அவர் எதிரில் உட்கார்ந்தாள்.

"எடுக்காதீங்க. தொங்கட்டும். பயம் இருந்தாதான் கூட்டம் வரும். கூட்டம் வந்தாதான் கவுன்சிலரம்மா எதுனா செய்வாங்க. நீங்க இன்னா பேசப் போறீங்க, சொல்லுங்க கேக்கறேன்."

அவர் பேசிக் காட்டினார். அவள் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு கேட்டாள். அவர் பேசுவதை அவள் இப்படிக் கேட்டு எத்தனை காலமாயிற்று!

"நல்லாதான் கீது. ஆனா முடிவு சப்புனு கீது. 'பார்க் குடுங்க, அத்தப் பாத்துக்கற பொறுப்பு என்னோடது'ன்னு முடிங்க. மெய்யாலுமே பெரிய மன்சன் பேசின மாதிரி இருக்கும்."

பூபாலன் கண்ணை மூடிப் பார்த்தார். கேட்டில் பூட்டு. பூட்டுக்குச் சாவி. சாவி அவர் இடுப்பில். ரொம்ப நன்றாக இருந்தது.

பகுதி சபா பள்ளிக்கூட வளாகத்தில் கூடியது. வழக்கமாக நாற்காலிகள்தான் அதிகம் இருக்கும். அன்றைக்கு வேப்பமரத்தடி வரை ஆள் நின்றது. கவுன்சிலர் விஜயகுமாரி கூட்டத்தைப் பார்த்து மிரண்டுபோய் உட்கார்ந்திருந்தார். பூபாலன் மைக்கைப் பிடித்து, முதலில் எந்த வளர்ப்பு நாயும் சாகவில்லை என்று விளக்கினார். கூட்டம் ஏமாற்றமடைந்தது. மன்னிப்புக் கேட்டார். அப்புறம் பிங்கி செத்த கதையைச் சொன்னார். சொல்லும்போது அவருக்கே குரல் உடைந்தது. முன்வரிசையில் ஹெலன் டீச்சர் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். கூட்டத்தில் ஓர் உச்சுக்கொட்டல் எழுந்து அடங்கியது. கடைசியில் நெஞ்சில் கை வைத்து, "பூங்கா கொடுங்கள். அதைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு என்னுடையது!" என்று முடித்தார். சங்கத்தார் விசிலடித்தார்கள்.

ஒரு பெண் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு எழுந்தாள். "உங்க வூட்டு நாய் காத்து வாங்க பார்க்கா? என் புள்ளயத் தொரத்துற நாய்க்கு இன்னா வழி? மொதல்ல அத்தச் சொல்லு!"

கூட்டம் அவள் பக்கம் சாய்ந்துவிட்டது. ஆளாளுக்குக் கத்தினார்கள். ஒருத்தி தன் காலில் இருந்த கடித் தழும்பைக் காட்டினாள். சிங்காரம் கரும்புத் தோட்டத்தில் கம்பி மேல் கிடப்பது பூபாலன் கண் முன்னால் வந்து நின்றது.

அப்போதுதான் அன்பரசி எழுந்தாள். மைக்கெல்லாம் அவளுக்குத் தேவைப்படவில்லை.

"கவுன்சிலரம்மா, இந்தக்கா சொல்றது நாயம்தான். வூட்டு நாய் பத்தோ பதினஞ்சோ. அதுங்க வெளிய வரலன்னா ஊருக்கு நஷ்டம் இல்ல. தெருநாய்ங்களாலதான் அதுங்களும் வர முடியல, புள்ளைங்களும் போக முடியல. அப்ப வேலி போட்டு வெக்க வேண்டியது எதுங்கள? தெருநாய்ங்களத்தான? அந்த நெலத்த அதுங்களுக்குக் குடுத்துடுங்க. ஆபரேசன் பண்ணி, ஊசி போட்டு, சோறு போட்டு உள்ள வெச்சிக்கலாம். தெரு காலியாயிட்டா எங்க நாய்க்குத் தெருவே பார்க்குதான்!"

எழுந்த கைதட்டலில் வேப்பமரத்துக் காக்காய்கள் பறந்தன. சங்கத்தாரும் தட்டினார்கள். தமிழ்வாணன் எழுந்து நின்று தட்டினார்.

கவுன்சிலர் கையை உயர்த்தினார். "அதுக்குத் திட்டமெல்லாம் கீதும்மா. நெலமும் தரலாம். ஆனா பாத்துக்க ஆள் வரமாட்டேங்குதே! எத்தினி பேரக் கேட்டாச்சு. நாய்ப் பீ அள்ற வேலைக்கு எவன் வருவான்?"

"எங்க வூட்டுக்காரர் இப்பதான மைக்ல சொன்னாரு, பொறுப்பு அவுரோடதுன்னு? ஊரே கேட்டுச்சே! மாசச் சம்பளம் போட்டு எடுத்துக்குங்க. கம்பெனில அத்தினி பேர மேய்ச்சவரு. இத்த மேய்க்க மாட்டாரா?"

கூட்டம் மொத்தமும் பூபாலனைப் பார்த்தது. இடுப்பில் பிள்ளையோடு நின்ற பெண் அவரைப் பார்த்துக் கும்பிட்டாள். ஹெலன் டீச்சர் வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "பிங்கி ஆசீர்வாதம் உங்களுக்கு உண்டு சார்," என்றார். அந்தக் கையை உதறிவிட்டு, நான் சூப்பர்வைசராக இருந்தவன் என்று எந்த மனுஷன் சொல்வான்? பூபாலன் தலையாட்டினார்.

வேலி வந்தது. தகரக் கொட்டகை வந்தது. வண்டியில் பிடித்துப் போன தெருநாய்கள் ஆபரேஷன் முடிந்து, தையலோடும் ஆத்திரத்தோடும் திரும்பி வந்தன. பூபாலனுக்குக் காக்கிச் சட்டையும் முழங்கால் வரை ரப்பர் பூட்ஸும் வந்தன. காலை ஷிப்டுக்கு அன்பரசி கிளம்பும்போதே அவரும் கிளம்ப வேண்டும். அவள் பஸ்ஸுக்குப் போவாள். இவர் முறத்தோடு உள்ளே போவார்.

வேலையில் சேர்ந்த அன்று படாளத்துக்குப் போன் போட்டார். நாயை அனுப்ப முடியாமல் போனதற்கு வருத்தம் தெரிவிப்பதுதான் முறை.

"எந்த நாயி மாப்ள?" என்றார் சின்னையன்.

"கரும்புக் காவலுக்குக் கேட்டீங்களாமே, மச்சான்."

"கரும்பா? அத்த வுட்டு எத்தினி காலமாச்சு! பன்னித் தொல்ல தாங்காம அப்பவே சவுக்கு போட்டுட்டேனே! சவுக்குத் தோப்புக்கு நாய் எதுக்கு? அன்பரசிக்குத் தெரியுமே. வந்து பாத்துட்டுக்கூடப் போச்சே."

பூபாலன் போனை வைத்துவிட்டுக் கொட்டகை ஓரம் உட்கார்ந்தார். கோபம் வந்தது. ஆனால் அதைக் காட்ட அங்கே நாய்கள்தான் இருந்தன. அவற்றுக்கு அவரைவிட அதிகக் கோபம் இருந்தது. காதறுந்த கறுப்பன் மட்டும் எதிரில் வந்து நின்று அவரைப் பார்த்தது. பிங்கியைக் கொன்ற வாய். அவர் சோற்றுத் தட்டை அதன் பக்கம் தள்ளினார். வேறென்ன செய்வது? அதுவும் வேலையில்லாமல் போனது, அவரும் வேலையில்லாமல் இருந்தவர். சாப்பிட்டு முடித்ததும் அது அவர் பூட்ஸில் முதுகைத் தேய்த்துவிட்டுப் போயிற்று. அப்புறம் ஒவ்வொன்றாக எல்லாமே வந்து தேய்த்தன.

சாயங்காலம் தெரு நிறைய வீட்டு நாய்கள் உலாவின. கர்னல் போயிற்று. சைக்கிளில் பிள்ளைகள் போனார்கள். கடைசியாக அன்பரசி சிங்காரத்தைச் சங்கிலியில் பிடித்துக்கொண்டு வந்தாள். பூபாலன் வேலிக்கு ஓடினார். அந்த நாய்க்காகத்தானே இத்தனையும்! காலையிலிருந்து அது ஒன்றை நினைத்துத்தான் அவர் முறத்தைப் பிடித்திருந்தார்.

"சிங்காரம்! டேய், இங்க பாருடா!" என்று கம்பிக்குள் கையை விட்டார்.

சிங்காரம் அந்தக் கையை முகர்ந்தது. பூட்ஸை முகர்ந்தது. கறுப்பன் வாடையும் அதன் கூட்டாளிகள் வாடையும் மூக்கில் ஏற, பின்வாங்கி, பல்லைக் காட்டி, தெருவே திரும்பிப் பார்க்கும்படி அவரைப் பார்த்துக் குரைத்தது.

அன்பரசி சங்கிலியை இழுத்துப் பிடித்தாள்.

"வேல முடிஞ்சி வர்றப்ப வெளியவே குளிச்சிட்டு வாங்க," என்றாள். "இல்லன்னா இது உங்கள வூட்டுக்குள்ள வுடாது."